அறுபத்திரண்டு படங்களும் ஒரு வேப்பிலைக் கதவும்

அனுமந்தன்பட்டி,
சித்திரை 22, திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி வேல்பாண்டி அவர்களுக்கு, நல்லகண்ணு கைகூப்பி எழுதுவது.

இங்கே நான், என் மனைவி மொக்கம்மாள், தங்கள் மகளும் எங்கள் மருமகளுமான உமாதேவி ஆகிய மூவரும் நலம். இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் இது முந்தாநாளிலிருந்துதான் உண்மை. அதற்கு முன்னால் பதிமூன்று நாட்களாக நீங்கள் போனில் "புள்ள எப்படி இருக்கா?" என்று கேட்டபோதெல்லாம் "அவளுக்கென்ன, ஜம்முனு இருக்கா, வேலையில இருக்கா" என்று நான் சொன்னதில் பாதி பொய். வேலையில் இருந்தாள் என்பது மட்டும் நிஜம். உமாவுக்கு அம்மை போட்டிருந்தது. பதற வேண்டாம், வேட்டியை மாற்ற வேண்டாம், பஸ் நேரம் விசாரிக்க வேண்டாம். டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், முந்தாநாள் மூன்றாம் தண்ணியும் ஊற்றியாயிற்று, இன்று காலை இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நீங்கள் கிளம்பி வர வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்களுக்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டும். ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். அது கடைசியில் வரும், எனக்குத் தைரியம் வந்தால்.

ஏன் மறைத்தீர்கள் என்று கோபப்படுவீர்கள். மறைத்தது நானல்ல, மொக்கம்மாள். "சம்பந்திகிட்டச் சொன்னா அவுக நடந்தாவது வந்துருவாக. அம்மை போட்ட வீட்டுக்குள்ள வெளியாளு வரக் கூடாது" என்றாள். "பெத்த அப்பன் வெளியாளாடி?" என்று கேட்டேன். "ஆத்தா வந்து உக்காந்துட்டா எல்லாரும் வெளியாளுதான்" என்று முடித்துவிட்டாள். கொச்சியில் வேலையில் இருக்கும் எங்கள் மகன் கர்ணனுக்கு இதுவரை அம்மை போட்டதில்லை என்பதால் அவனையும் வரவிடவில்லை. வாசலில் வேப்பிலை, உமா படுத்திருந்த அறைக்கதவில் வேப்பிலை, அடுப்படியில் தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி கிடையாது. இதற்கு நடுவே வீரபாண்டித் திருவிழாவில் நான் தீச்சட்டி எடுப்பதாக என்னைக் கேட்காமலேயே நேர்ந்தும்விட்டாள். ஆத்தா கேட்பது பக்தி, இவள் கொடுப்பது என் கை என்று நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உமா கம்பத்தில் தனியாக ஆபீஸ் போட்டு ஆறு மாதம் ஆகிறது என்பது தங்களுக்குத் தெரியும். அதுவரை வந்ததெல்லாம் மாடிப்படி, மாட்டுக்கொட்டகை. முதல் பெரிய வேலையாக, கம்பத்து ஏலக்காய் வியாபாரி ராஜா முகம்மது அண்ணன் புதிதாகக் கட்டப்போகும் தரம் பிரிக்கிற கூடம் வந்தது. எண்பது பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குகிற கூடம். அவர் உமாவிடம் ஒரு வரைபடம், மதுரைக் கம்பெனி ஒன்றிடம் ஒரு வரைபடம் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மூன்று மணிக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்து, யாருடையது தெளிவாக இருக்கிறதோ அவருக்கு வேலை என்று சொல்லிவிட்டார். இது போய்விட்டால் ஆபீஸை மூடிவிட்டு மறுபடி மதுரையில் யாரிடமாவது போய் உட்கார வேண்டியதுதான் என்று உமா ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்த வெள்ளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நெற்றியில் முதல் கொப்புளம்.

படமெல்லாம் வரைந்து முடித்துவிட்டாள். பாக்கி இருந்தது நம்பர் போடுகிற வேலை. பதினொரு ஷீட், அறுபத்திரண்டு படம். ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் ஒரு வட்டம், அதற்குள் ஒரு நம்பர். முதல் ஷீட்டில் இருக்கிற பெரிய படத்தில் ஒரு சுவர் இருக்கிறதென்றால், அந்தச் சுவரை வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பது நாலாம் ஷீட்டில் மூன்றாம் படமாக இருக்கும். அதைச் சொல்ல அந்தச் சுவர் ஓரத்தில் ஒரு வட்டம், மேலே மூன்று, கீழே நாலு. இவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் ராஜா முகம்மது அண்ணன் கடைசி நேரத்தில் பெண்களுக்குக் கழிப்பறையும் ஓய்வறையும் பெரிதாக வேண்டும் என்று கேட்டுவிட்டதால் படங்கள் இடம் மாறி, ஒரு ஷீட்டில் ஒன்றுக்கு அடுத்து ஆறு, அதற்கடுத்து இரண்டு என்று கிடந்தது. "இருந்தா என்ன தாயி, தேடிக் கண்டுபிடிக்க மாட்டாகளா?" என்று கேட்டேன். "நம்பர் வரிசையா இல்லேன்னா மேஸ்திரி தேட மாட்டாரு மாமா. அவரு மனசுல தோணுறதைக் கட்டிருவாரு" என்றாள். உண்மைதான். நம் வீட்டு மாடிப்படி அப்படி வந்ததுதான்.

லேப்டாப்பை மடியில் வைத்து அவளே போட்டிருப்பாள். ஆனால் மொக்கம்மாள் அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, தோசைக்கல்லு மாதிரில்ல கொதிக்குது! குளிர்ச்சியா இருக்க வேண்டிய எடத்துல இந்தச் சூட்டுச் சனியனா?" என்று பிடுங்கிக்கொண்டு வந்து கூடத்து மேஜையில் வைத்துவிட்டாள். உமா ஆபீசில் உதவிக்கு இருக்கும் திரிஷா வருகிறேன் என்றாள், அவள் வீட்டில் விடவில்லை. மிச்சம் இருந்தது நான். எனக்கு ஆறு வயசிலேயே அம்மை போட்டுவிட்டது, முதுகில் தழும்புகூட இருக்கிறது. அந்தத் தைரியத்தில் மேஜையை இழுத்து உமாவின் கதவோரம் போட்டு, நாற்காலியையும் போட்டு உட்கார்ந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பாயில் படுத்துக்கொண்டு சொல்ல, இந்தப் பக்கம் நான் ஒரு விரலால் குத்த, செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள். கூட்டுறவுச் சங்கக் குடோனில் முப்பத்தோரு வருஷம் நெல்மூட்டை எண்ணியவனுக்கு அறுபத்திரண்டு படமா பெரிசு என்ற திமிரோடுதான் ஆரம்பித்தேன்.

ஆரம்பமே அடி. ரெண்டாம் ஷீட்டில் அஞ்சாம் படத்தின் நம்பரை ரெண்டாக மாற்றச் சொன்னாள். ரெண்டு என்று அடித்தேன். திரையில் மஞ்சள் முக்கோணம் ஒன்று குதித்து வந்து, அந்த நம்பர் ஏற்கெனவே இருக்கிறது என்று மறித்தது. மறுபடி அடித்தேன், மறுபடி மறித்தது. நாலாவது தடவை, "ஏலே, நான் என்ன ஒஞ்சொத்தையா கேக்குறேன்?" என்று கத்திவிட்டேன். உள்ளேயிருந்து உமா, "மாமா, ஒரே ஷீட்டுல ரெண்டு படத்துக்கு ஒரே நம்பர் ஆகாது. அந்தப் பழைய ரெண்டைக் கொஞ்ச நேரம் வேற பேருல நிறுத்தி வைங்க. பொறகு அஞ்சை ரெண்டாக்கலாம்" என்றாள். அட, இது நம்ம குடோன் வேலையல்லவா! அடுக்கி வைத்த மூட்டையை இடம் மாற்ற வேண்டுமென்றால் முதலில் தரையில் ஒரு வெற்றிடம் வேண்டும், இல்லாவிட்டால் எதை எங்கே இறக்குவது? சட்டென்று பிடிபட்டுவிட்டது. "நம்பர்தான் வைக்கணுமா தாயி, எழுத்தும் வைக்கலாமா?" என்று கேட்டேன். "எது வேணும்னாலும் வைக்கலாம் மாமா" என்றாள். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து மொக்கம்மாள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயரையே வைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, அற்புதமாக வேலை செய்தது. எந்தப் படத்துக்கும் அந்தப் பெயர் கிடையாதல்லவா, முக்கோணம் வாயே திறக்கவில்லை. பிறகு எதை மாற்றினாலும் முதலில் மொக்கம்மாள் ஆக்கி, ஓரமாக நிறுத்தி, வேலை முடிந்ததும் நம்பர் கொடுத்தேன்.

நான் இங்கே நாலாம் ஷீட்டில் மாற்றினால் முதல் ஷீட்டில் இருக்கும் வட்டம் தானாகவே மாறிக்கொள்ளும் என்பதை அவள் சொல்லவில்லை, அல்லது சொன்னபோது நான் கேட்கவில்லை. முதல் ஷீட்டுக்குத் திரும்பிப் பார்த்தால் நான் தொடாத வட்டத்தில் புது நம்பர்! "உமா, இதுக்குள்ள வேற யாரோ இருக்காக!" என்று எழுந்தே நின்றுவிட்டேன். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பு இருக்கிறதே சம்பந்தி, மூன்று நாள் கழித்து அன்றைக்குத்தான் அந்த அறையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்தது. மொக்கம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

வேலைக்கு நடுவே பேச்சு. சொறிந்துவிடுவாளோ என்று நானும் விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான், கல்லூரி சேர்ந்த புதிதில் கூட்டப் பஸ்ஸில் அவளுடைய வரைபலகையை யாரும் இடித்துவிடக் கூடாதென்று கடமலைக்குண்டிலிருந்து தேனி வரைக்கும், தேனியிலிருந்து மதுரை வரைக்கும் நீங்கள் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்று போனதைச் சொன்னாள். "எங்கப்பா இறங்குனதும் ரெண்டு கையையும் மடக்க முடியாம, கும்பிட்ட மாதிரியே நடந்தாக மாமா" என்றாள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் குத்துவதை நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தேன். "மாமா, இருக்கீகளா?" என்று கேட்டாள். "இருக்கேன் தாயி, நம்பர் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை கம்பம் போய்ப் பிரிண்ட் எடுத்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ராஜா முகம்மது அண்ணன் கடைக்குப் போனேன். அம்மை வீட்டுக்காரன் என்பதால் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு ரெண்டு வருசம் முன்னாடியே போட்டுருச்சு, உள்ள வாங்க" என்றார். மதுரைக் கம்பெனியிலிருந்து வந்தவர் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். கூரை வேலைக்காகக் குமுளியிலிருந்து சசிதரன் என்ற மேஸ்திரி வந்திருந்தார். ராஜா முகம்மது அண்ணன் எங்கள் முதல் ஷீட்டை விரித்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். "இது என்ன, மொத நம்பர் எல்லாத்துலயும் லாபம்னு போட்டிருக்கு?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷத்தில் முதல் மூட்டையை நான் ஒன்று என்று எண்ணினதே இல்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவோம். அந்தப் பழக்கத்தில் பதினொரு ஷீட்டிலும் முதல் படத்துக்கு லாபம் என்று அடித்து வைத்திருக்கிறேன்! உமா உள்ளேயிருந்து "மொத படத்துக்குப் போட்டாச்சா மாமா?" என்று கேட்டபோதெல்லாம் "லாபம் போட்டாச்சு தாயி" என்றுதான் பதில் சொன்னேன். மாமா வாய்ப்பழக்கமாகச் சொல்கிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள். அந்த மிஷின் வேறு, சொன்னால் சொன்னபடி எல்லா வட்டத்திலும் லாபத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தது. மதுரைக்காரர் லேசாகச் சிரித்தார். அந்தப் பிள்ளையின் ஆபீஸை என் ஒரு விரலாலேயே இழுத்து மூடிவிட்டேனே என்று ஷீட்டைச் சுருட்டக் கை நீட்டினேன்.

அதற்குள் சசிதரன் விரலை ஒரு வட்டத்தில் வைத்து, "சேட்டா, ஈ மொக்கம்மாள் எவிடெ?" என்று மலையாளத்தில் கேட்டார். கடைசியாக ஓரம் நிறுத்திய ஒன்றுக்கு நம்பர் கொடுக்க மறந்திருக்கிறேன் சம்பந்தி. அதுவும் கழிப்பறைப் படத்துக்கு. "அது எங்க வீட்டுல" என்றேன். வேறு என்ன சொல்ல? ராஜா முகம்மது அண்ணன், "வட்டத்துல என்ன ஷீட்டு போட்டிருக்கு? ஏழா? ஏழாவதை எடுங்க" என்றார். சசிதரன் எடுத்தார். "மொக்கம்மாள் இவிடெ உண்டு!" என்றார். அடுத்த வட்டம், லாபம், நாலாம் ஷீட். எடுத்தால் அதுவும் அங்கேயே இருந்தது. மூன்று, ஒன்பதாம் ஷீட், இருந்தது. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வட்டத்தைத் தேடினார்கள், எதுவும் தப்பவில்லை. பிறகு மதுரைக்காரர் கொண்டுவந்திருந்த வரைபடப் புத்தகத்தைத் திறந்தார்கள். ஆறாம் படம், பத்தாம் ஷீட் என்று வட்டம் சொல்கிறது, பத்தாம் ஷீட்டில் படமே நாலுதான். இன்னொரு வட்டம் வேறு கட்டிடத்துக் கதவில் போய் நின்றது. வட்டத்து நம்பரைத் தனியாகக் கையால் போட்டார்களாம், கடைசி நேரத்தில் படங்கள் இடம் மாறியும் அதை மாற்றவில்லையாம். கோட்டுக்காரர் கைக்குட்டையை எடுத்தார்.

"எங்க அத்தா ஏலக்கா மூட்டைய எண்ணுறப்ப லாபம்னுதான் ஆரம்பிப்பாக. காதுல கேட்டு எத்தனை வருசம் ஆச்சு!" என்று தன் தகப்பனாரை நினைத்துக்கொண்டார் ராஜா முகம்மது அண்ணன். பிறகு, "மருமகப்புள்ளைகிட்டச் சொல்லுங்க. வேலை அதுக்குத்தான். வீட்டுல உள்ளவுக பேரை மட்டும் எடுத்துட்டு நம்பர் போட்டுருங்க, பாவம். லாபத்துல கைய வைக்கக் கூடாது" என்றார். அந்த இடத்தில் அவர் காலில் விழாத குறை. அவர் கொடுத்த டீயைக் குடிக்காமல், பஸ்ஸுக்கும் காத்திருக்காமல், எதிரே வந்த ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்து கதவோரம் நின்று சொன்னேன். உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அழுகுறியா தாயி?" என்றேன். "இல்ல மாமா, சிரிச்சா கொப்புளம் வலிக்குது" என்றாள். அழுததுதான். அடுப்படியிலிருந்து மொக்கம்மாள், "எம்பேரக் கொண்டுபோயி எங்க வச்சீகளாம்?" என்று வந்தாள். அதற்குப் பிறகு நாலு நாள் எனக்கு வெறுங்கஞ்சி, ஊறுகாய்கூட இல்லை.

சம்பந்தி, மன்னிப்புக்கு வந்துவிட்டேன். பெண் பார்க்க வந்த அன்று உங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் காபியைக் குடித்துக்கொண்டே, "பொட்டப்புள்ளைக்குக் கட்டடம் வரையிற படிப்பு எதுக்கு?" என்று நான் கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "ஒங்க வீட்டுக்குத்தான வருது, நீங்களே ஒருநாளைக்குச் சொல்லுவீக" என்றீர்கள். சொல்கிறேன். மூன்று நாள் அவளுக்குக் கீழே வேலை பார்த்தேன். உடம்பெல்லாம் எரிகிறபோதும் அறுபத்திரண்டு படத்தில் எது எங்கே இருக்கிறதென்று கண்ணால் பார்க்காமலேயே சொன்னாள். நான் கேட்டது தப்பு. அந்தப் பலகையை நீங்கள் தூக்கிப் பிடித்ததற்கு இப்போது எண்பது பெண்கள் உட்கார ஒரு கூடம் எழும்பப் போகிறது. உங்கள் கைக்கு என் நன்றி. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம்.

தங்கள் வீட்டில் எல்லோரும் ஊரும் உறவுமாக, ஒரு தலைவலிகூட இல்லாமல் இருக்க வீரபாண்டி ஆத்தாளை வேண்டுகிறேன். இங்கே எவருக்கும் ஒரு குறையும் இல்லை. அவசரப்பட்டு வர வேண்டாம், திருவிழாவுக்கு வந்து நான் தீச்சட்டி எடுக்கும் அழகைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

தங்கள் அன்புக்குரிய சம்பந்தி,
சு. நல்லகண்ணு

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் ரத்துசெய்து படிக்கவும். நேற்று இதை உறையில் போட்டு ஒட்டப் போகிற நேரத்தில் மொக்கம்மாள் என் கழுத்தைப் பார்த்தாள். இப்போது வேப்பிலைக் கதவுக்கு உள்ளே இருப்பது நான். போடியில் இருக்கும் என் அண்ணன் ஈஸ்வரபாண்டிக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, "ஏலே, ஆறு வயசுல அம்மை போட்டது எனக்குடா. ஒனக்கு வந்தது வேர்க்குரு. எனக்கு எளநி குடுக்கவும் நீயும் படுத்துக்கிட்ட" என்கிறார். ஆகவே இங்கே மூவரும் நலம் என்பது பொய். நான் தீச்சட்டி எடுப்பேன் என்பதும் பொய். எனக்குப் பதிலாகச் சம்பந்தி எடுப்பாக என்று மொக்கம்மாள் நேர்ந்துவிட்டாள், தங்களைக் கேட்கவில்லை. வர வேண்டாம் என்று எழுதியதையும் அடித்துவிடவும். தங்களுக்கு அம்மை போட்டிருந்தால், வேர்க்குரு அல்ல என்று நன்றாக விசாரித்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸிலேயே வரவும். இந்தக் கடிதத்தை ஒருநாள் வெயிலில் காயவைத்த பிறகே பிரித்துப் படிக்கவும்.

இன்னொன்று. அறுபத்திரண்டு படத்துக்கும் நான் மூன்று நாள் உழைத்து நம்பர் போட்டேன் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அது தேவையே இல்லையாம். இன்று காலை உமா அந்த நாற்காலியை இழுத்து என் கதவோரம் போட்டுக்கொண்டு சொல்கிறாள். அந்த மிஷினிலேயே ஒரு பட்டன் இருக்கிறதாம். அதை அமுக்கிவிட்டு எந்த வரிசையில் படத்தைத் தொடுகிறோமோ அந்த வரிசையில் நம்பர் தானாக விழுந்துவிடுமாம். "மொத்தமே அஞ்சு நிமிசம் மாமா" என்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! "அடிப்பாவி, பொறகு எதுக்கு என்னைய மூணு நாளு குத்த வச்ச?" என்று கேட்டேன். "மொத நாளே சொல்லத்தான் வாயத் தொறந்தேன் மாமா. நீங்க நாற்காலிய இழுத்துக் கதவுகிட்டப் போட்டீக. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுட்டா எந்திரிச்சுப் போயிருவீகளேன்னு சொல்லல. வேற யாரும் கிட்ட வந்து உக்காரல மாமா. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடியலேன்னா சொல்லிருப்பேன்" என்றாள்.

இப்போது மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். கூடலூரில் ஒரு வீடு, இருபத்தெட்டுப் படமாம். "பட்டன அமுக்கிட்டு ஆபீசுக்குப் போ தாயி" என்று உள்ளேயிருந்து சொன்னேன். "எனக்கொண்ணும் அவசரம் இல்ல மாமா. நீங்க சொறியாமச் சொல்லுங்க, மொத படத்துக்கு என்ன போட?" என்கிறாள்.

லாபம் என்றேன்.